முழுச் சிவப்புக் கொடி

"நம்ம கொடியோட வெள்ளைய யாரு தின்னாங்க?" என்று முன்வரிசைக் குழந்தை கேட்டது.

போலந்தின் கொடி நாள் விழா. கணினி ஆசிரியை ஹல்ஷ்கா நிரல் எழுதி வரைந்த கொடி, பள்ளித் திரை முழுக்க ஒரே சிவப்பாக நின்றது.

"என்னம்மா, பழைய கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியையே திரும்பக் கூட்டிட்டு வந்துட்டியா? மேயர் வாசல்ல நிக்கிறாரு. பார்த்தாருன்னா உன் வேலை போச்சு!" என்றார் தலைமையாசிரியர்.

"மேல வெள்ளைக் கட்டமும் வரைஞ்சேன் ஐயா. எங்க போச்சுன்னே தெரியல!"

கணினிக்கு அருகில் நின்ற பங்குத்தந்தை கிராட்சியன், "எல்லாரும் கண்ண மூடுங்க, ஜெபிப்போம்" என்றார். ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது.

கண் திறந்தால், மேலே வெள்ளை, கீழே சிவப்பு.

"அற்புதம் சாமி!" ஹல்ஷ்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பங்குத்தந்தை பணிவாகத் தலையாட்டினார்.

போன மாதம், இறைச்சி தொடக்கூடாத பெரிய வெள்ளியன்று, சட்டையில் ஒலிவாங்கி இருப்பதை மறந்து அவர் கடைக்காரரிடம் தொலைபேசியில் பன்றித் தொத்திறைச்சி கேட்கத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே ஒலிபெருக்கியை அணைத்தவள், கோவிலின் ஒலியமைப்பையும் கவனித்துவந்த ஹல்ஷ்கா. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

இன்று எல்லோரும் கண்மூடியிருக்க, கடைசியில் வந்து வெள்ளையை மூடிய, திரை முழுக்கச் சிவப்பைப் பூசும் நிரல் வரியை, வெள்ளைக் கட்டத்தின் வரிக்கு முன்னால் நகர்த்தியவர் அவர்தான். ஜெபத்தில் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.