பொட்டாசியம் ஏழு

தேவசகாயத்தின் ரத்தத்தைச் சுமந்து ஆய்வகத்துக்கு வந்த குப்பியைச் சோதித்துவிட்டு இயந்திரம் அலறியது. "பொட்டாசியம் ஏழு! இதயம் நின்றுவிடும். குறைக்க மருந்து கொடுக்கச் சொல்லணும்."

குப்பிக்கு வியப்பு. ஊசி குத்தும்போதுகூட அவர் சிரித்தாரே! "ஏம்ப்பா பொட்டாசியம், ரத்த அணுவுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிற ஆளாச்சே நீ! இன்னிக்கு ஏன் இத்தனை பேர் வெளியே நிக்கிறீங்க?"

"வீடு இடிஞ்சா வெளியேதான் நிக்கணும். வழியில நீ குலுங்கின குலுக்கல்ல அணுவெல்லாம் உடைஞ்சு போச்சு. அவர் உடம்புக்குள்ள எங்க ஆளுங்க வீட்டோடதான் இருக்காங்க."

குப்பி யோசித்தது. சொன்னால் தன்னைத் தூக்கி எறிவார்கள். சொல்லாவிட்டால் வேண்டாத மருந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.

"அண்ணே, தப்பு என்னுடையது, வழியில ரொம்பக் குலுங்கிட்டேன். வேற ரத்தம் கேளுங்க," என்று இயந்திரத்திடம் சொன்னது குப்பி.

கழிவுக் கூடையில் கிடந்தபடி அது காத்திருந்தது. புதுக் குப்பி வந்ததும் இயந்திரம் உடனே அளக்கவில்லை.

"வழியில எப்படிம்மா வந்தே?"

"மெதுவாத்தான் அண்ணே."

"அப்படியா," என்றபடி அளந்தது. "நாலு. ஆள் நல்லாத்தான் இருக்கார்."