ஸ்டெபிக்குப் பத்துப் புத்தகம்

“இதுவும் வேண்டாம் மேடம்.”

ஜெபசீலன் திருப்பி வைத்தது பதினேழாவது புத்தகம். நூலகர் மும்தாஜ் பேகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கிளை நூலகத்தில் சிறுவர் அலமாரி என்று இருப்பதே ஒன்றுதான். அதில் பாதி இப்போது மேசைமேல் கிடந்தது.

ஜெபசீலனின் மகள் ஸ்டெபி ஜன்னலோர பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். லீவு முடிந்தால் ஆறாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த தாள் மடியில் இருந்தது. கோடை விடுமுறையில் படிக்கப் பத்துப் புத்தகம் தேர்ந்தெடுத்து, பெயர்களை எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம்.

படிக்கப்போவது அவள். அலமாரிப் பக்கம் அவளை அண்டவிடாமல் நின்றது அப்பா.

“இந்த யானைக்குட்டி கதை நல்லாருக்கும் சார். புள்ளைங்க போட்டி போட்டுக்கிட்டு எடுத்துட்டுப் போவும்.”

ஜெபசீலன் மளமளவென்று பக்கங்களைத் தள்ளினார். நாலாவது பக்கத்தில் நின்றார். மூடி வைத்தார்.

“வேண்டாம் மேடம்.”

அவர் கழுத்தில் கிடந்த சிலுவைச் சங்கிலியை மும்தாஜ் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் ஒதுக்கிய புத்தகத்தின் அட்டையில் கோயில் கோபுரம். ஓகோ, விஷயம் இதுதானா?

“சாமி கதை வராததாப் பாக்கியளா சார்?”

“ஐயையோ, அதெல்லாம் இல்ல மேடம்.”

அடுத்ததாக பைபிள் கதைப் புத்தகத்தையும் ஒதுக்கிவைத்தார். மும்தாஜுக்கு ஒன்றும் ஓடவில்லை.

நாளிதழ் மேசையிலிருந்து நமச்சிவாயம் அண்ணாச்சி தலையைத் தூக்கினார். ரிட்டயர் ஆனதிலிருந்து நூலகம் திறக்கும்போதே வந்துவிடுகிறவர். நாட்டில் யார் தப்புச் செய்தாலும் கேட்டுவிடுவார்.

“ஏன்வே, புக்கு எடுக்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா? படிக்கப்போறது புள்ள. அதுட்ட ஒரு வார்த்த கேட்டீரா?”

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெபசீலனின் முகம் சுருங்கிவிட்டது.

“ஸ்டெபி, வெளிய போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாம்மா.”

அவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்தார். பிறகு மேசை அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“இவ அம்மா தவறிட்டா மேடம். போன மாசம் குருத்தோலை ஞாயித்துக்கு மறுநாளு அடக்கம்.”

மும்தாஜின் கை புத்தகத்தின் மேலேயே நின்றுவிட்டது.

“அன்னைலேருந்து புள்ள ஒரு சொட்டு அழல. அம்மாங்கிற வார்த்தையே வாயில வரல. மறந்துட்டு இருக்கா, அப்படியே இருக்கட்டும்னு பாக்கேன். அம்மா வராத கதையா பத்து போதும் மேடம். குருவிக் கதைய எடுத்தா, தாய்க்குருவி இரை கொண்டாருது. யானைக்குட்டி, அது அம்மாவக் காணாமத் தேடுது. அடுத்த ஞாயிறு சர்ச்சுல அன்னையர் தினம் வேற. அன்னைக்கு இவள மணிமுத்தாறு பக்கம் கூட்டிட்டுப் போயிரலாம்னு இருக்கேன்.”

நமச்சிவாயம் அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து அலமாரிப் பக்கம் போனார்.

மூன்று பேருமாகத் தேடினார்கள். தேடும்போதுதான் தெரிந்தது, குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் அம்மா இல்லாமல் ஒரு கதையை ஆரம்பிப்பதே இல்லை.

ரயில் வந்த வரலாறு கிடைத்தது. எரிமலை கிடைத்தது. கிரகங்கள், அணைக்கட்டு, கடல் மீன்கள். தேனீ பற்றிய புத்தகத்தை எடுத்த மும்தாஜ், கூட்டில் இருக்கும் அத்தனை தேனீக்கும் ராணிதான் தாய் என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டாள்.

“இந்தா, கணக்குப் புதிர். இதுல ஒருத்தியும் வரமாட்டா,” என்று அண்ணாச்சி ஒன்றை நீட்டினார்.

மும்தாஜ் திறந்தாள். ‘தாயின் வயது மகளின் வயதைப் போல நான்கு மடங்கு.’

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் பத்து சேர்ந்தது. ஜெபசீலன் தாளில் கையெழுத்துப் போட்டார். ஸ்டெபி எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சமர்த்தாக வாங்கிப் பைக்குள் அடுக்கிக்கொண்டாள்.

“பாத்தியளா, ஒண்ணும் கேக்கல,” என்று ஜெபசீலன் நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்படி ஒரு மனுஷனையா உள்ளுக்குள் கரித்துக்கொட்டினோம் என்று மும்தாஜுக்கு அன்றைக்கெல்லாம் மனசே சரியில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டெபி தனியாக வந்து நின்றாள்.

“அதுக்குள்ள படிச்சிட்டியா? அப்பா வரலயா?”

“அப்பா வண்ணார்பேட்டைக்கு வேலைக்குப் போயிட்டாவ.” சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “மேடம், அம்மா வார கதையா ஒண்ணு தாங்க.”

மும்தாஜ் அலமாரிக்குப் போனாள். யானைக்குட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டெபி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலாவது பக்கம் வந்ததும் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. நூலகப் புத்தகம் நனைந்துவிடக் கூடாதென்று அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மும்தாஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிம்மா. நான் பதிஞ்சு தாரேன்.”

“வேண்டாம் மேடம். இங்கனயே படிச்சிட்டுப் போயிருதேன்.” புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா இப்பதான் அம்மாவ மறந்துட்டு இருக்காவ. நான் அழுதா அவங்களுக்கு ஞாபகம் வந்துரும்.”