பிரேக்கைத் தொடாதீங்க

"அந்த பிரேக்கைக் கழட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

ஆஸ்பத்திரி நிர்வாகி போட்ட அதட்டலில், ஸ்பானரும் கையுமாக நின்ற மெக்கானிக் ஒரு கணம் ஆடிப்போனார். ஆனாலும் அவர் பார்த்தது நிர்வாகியை அல்ல; லிஃப்ட் இயந்திரத்தை மறித்துக்கொண்டு நின்ற அவளை. லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்து, மூன்று நாளாக மொட்டைமாடியின் இயந்திர அறையே கதியென்று கிடந்தவள். சட்டையெல்லாம் கிரீஸ்.

"தொடாதீங்க அண்ணே" என்றாள்.

மறுநாள் புதுக் கட்டடத் திறப்பு விழா. நோயாளிகளைப் படுக்கையோடு ஆறாவது மாடிக்கு ஏற்றப்போகிற லிஃப்ட் அது. காலையிலிருந்து இரண்டு தடவை, வேகம் மீறினால் மட்டும் பிடிக்க வேண்டிய அந்த இரும்பு பிரேக், வேகம் சரியாக இருக்கும்போதே கவ்விக்கொண்டு லிஃப்ட்டைப் பாதி வழியில் நிறுத்திவிட்டது. இரண்டாவது தடவை உள்ளே மாட்டிக்கொண்டவர் நிர்வாகியேதான்.

"ஏம்மா, வேகம் மீறினா கம்ப்யூட்டரே நிறுத்திடுமே. அப்புறம் எதுக்கு இந்த இரும்பு?"

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாது சார். சென்சார் சொல்றதை அப்படியே நம்பும். ஒயர் பிஞ்சுபோய், 'லிஃப்ட் நிக்குது'ன்னு சென்சார் தப்பா சொன்னா? லிஃப்ட் விழுந்துட்டு இருந்தாலும் கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கும். அப்போ இந்த இரும்புதான் பிடிக்கும்."

"அந்த சாஃப்ட்வேரை நாலாயிரம் தடவை சோதிச்சிருக்காங்க!"

"கம்ப்யூட்டர் திரையில சோதிச்சாங்க. அந்த லிஃப்ட்டுக்குள்ள ஆள் யாரும் படுத்திருக்கல."

மெக்கானிக் இருமினார்.

"பிரேக்கைச் சரி பண்ண ரெண்டு நாள் வேணும் சார். அதுவரைக்கும் லிஃப்ட் ஓடாது" என்றாள் அவள்.

"நாளைக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் வர்றாங்க!"

"படியேறி வரட்டும்."

நிர்வாகிக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் வேலை போயிடும், ஞாபகம் இருக்கட்டும்!"

அவள் இயந்திரத்தை விட்டு நகரவில்லை.

"என் வேலை போனா போகட்டும் சார். உள்ள இருக்கிறவங்க உயிர் போகக்கூடாது."

"சாஃப்ட்வேரை எழுதினவங்களைவிட உனக்கு அதிகமாத் தெரியுமோ? இரு, அவங்களையே கேட்டுடறேன். அவங்க சரின்னு சொன்னா அடுத்த நிமிஷம் நீ வெளியே!"

கையிலிருந்த ஃபைலைப் புரட்டி, எண்ணைத் தேடி, போனில் அழுத்தினார்.

அவளுடைய சட்டைப் பையில் மணி அடித்தது.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துக் காதில் வைத்தவள், அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: "எழுதினவதான் பேசுறேன் சார். பிரேக்கைக் கழட்டக்கூடாது."