மூன்று வாளித் தண்ணீர்

“இந்த வருசமாச்சும் தேறுமா டாக்டர்?” குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தபடி வனிதா கேட்டாள்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் வரை நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி. ஓட்டப்போவது வனிதா. கால்நடை டாக்டர் குதிரையைச் சோதித்துச் சரி என்ற பிறகுதான் சேணம் பூட்ட வேண்டும். போன இரண்டு வருடமும் அவர் குதிரையின் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “தோலு படியல, உடம்புல தண்ணிச் சத்தே இல்ல” என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தடவையும் தேறாவிட்டால் குதிரையை விற்றுவிடுவதாக மாமனார் சொல்லிவிட்டார். அப்புறம் அவளுக்கு அடுப்படியும் பருத்திக்காடும்தான்.

பாவம், புருஷன் சண்முகராஜ் என்ன செய்வான்? ஒவ்வொரு வருடமும் முந்தின நாளே, “நீ நல்லாத் தூங்குட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்பான். தீனி, தண்ணீர், சாமான்களை டெம்போவில் ஏற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு.

இன்று வரும் வழியில் அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, வனிதா சும்மா இருக்கமாட்டாமல் குதிரைக்குத் தண்ணீர் காட்டினாள். தலை நிமிராமல் மூன்று வாளி குடித்தது.

டாக்டர் தோலைக் கிள்ளி விட்டார். உடனே படிந்தது. நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கொஞ்ச தூரம் ஓடவிட்டுப் பார்த்தார்.

“குதிரை தேறிட்டும்மா. நீயும் தெம்பாத்தான் இருக்க. சேணத்தப் போடு.”

வனிதா டெம்போவுக்கு ஓடினாள். புல்லுக்கட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

“அத்தான், சேணத்த எங்க வச்சிருக்கிய?”

சண்முகராஜின் முகம் வெளுத்துவிட்டது.

“நீ தண்ணி காட்டுனியா?”

போன இரண்டு வருடமும் சேணம் டெம்போவில் ஏறியதா என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.