விழுகிற தண்ணீர்

"தண்ணி விழுற சத்தம் வீடு பூரா கேக்கணும் தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா.

தொட்டிக்காரர் வரைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கடல்மீன் தொட்டி கட்டுகிறவர். இப்படி ஒரு ஆசையை எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

மேலே மீன் நீந்தும் தொட்டி. கீழே அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பெயர் சம்ப். மேலிருந்து அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும். தடுப்புத் தடுப்பாகப் புகுந்து, கசடைத் துணிப்பையிலும் மிச்சத்தைக் கல்லிலும் பாசியிலும் விட்டுவிட்டு, சுத்தமாகி மோட்டார் வழியே மேலே ஏறும். இத்தனையும் நடப்பது வீட்டுக்காரர்களுக்கே தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய தொழில் பெருமை. "என் சம்ப் மூச்சு விடுறதுகூடக் கேக்காது" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அதைத்தான் இங்கேயும் சொன்னார். அந்த அம்மா மசியவில்லை. குழாயை உயரத்தில் வைத்துத் தண்ணீரை மேலிருந்து விழவிட வேண்டும், அலமாரிக்குக் கதவே வேண்டாம் என்றார்.

"உப்புத் தண்ணி தெறிச்சு மரமெல்லாம் ஊறிடும்மா."

"ஊறட்டும்."

தொட்டிக்காரரின் பார்வை அந்த அம்மாவைத் தாண்டிப் போனது. ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்தியிருந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, மின்விசிறிகூட ஓடவில்லை. அந்த அமைதியிலேயே காதைப் பொத்துகிற மனுஷனுக்குப் பக்கத்தில் அருவியைக் கொண்டுவந்து வைக்கப் பார்க்கிறார் இந்த அம்மா.

நல்லா வாய்த்தது இவருக்கு என்று நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் கட்டிக் கொடுத்தார். தொட்டி ஓடத் தொடங்கிய அன்று அந்த அறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. நீல வெளிச்சம் சுவரில் ஏறி, கூரையில் மெல்ல அசைந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் அவசரமே இல்லாமல் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய் வந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தரை காலை விட்டு நழுவுகிற மாதிரி இருந்தது. கீழே தண்ணீர் மட்டும் சளசளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. தன் கையால் செய்த சம்ப்பா இது என்று அவருக்கு மனசே ஆறவில்லை.

ஒரு வாரம் கழித்து, தண்ணீரில் உப்பின் அளவைப் பார்க்க மதியம் போனார். கதவைத் திறந்த அந்த அம்மா, "நீங்க பாருங்க தம்பி, மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

சாய்வு நாற்காலியில் அதே மனுஷர். கண் மூடியிருந்தது, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. கைகள் மடியில் கிடந்தன. "சார்" என்று கூப்பிட்டார். தலை நிமிரவில்லை. காதைப் பொத்தக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டார் போல என்று தொட்டிக்காரருக்குப் பகீரென்றது. பாவம், வாயில்லாப் பூச்சி.

குனிந்து குழாயின் முனையைத் தண்ணீருக்குள் முங்கும்படி இறக்கினார். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். காற்றுப் புகாமல் குழாய் நிறைந்து இறங்கத் தொடங்கியதும் சத்தம் தேய்ந்து, தேய்ந்து, அடியோடு நின்றது. மீன்கள் அதுபாட்டுக்கு நீந்தின. அறை முழுக்க நீலமும் அமைதியும்தான்.

அந்த மனுஷர் சட்டென்று கண்ணைத் திறந்து அவரையே பார்த்தார். நன்றி சொல்லக்கூட இந்த வீட்டில் பயம் போலிருக்கிறது என்று நினைத்து, தொட்டிக்காரர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வீடு போய்ச் சேரும்வரை நெஞ்சு நிறைந்திருந்தது.

மறுநாளே அந்த அம்மா போன் செய்தார். தொட்டி நின்றுவிட்டதா, சத்தமே வரவில்லையே என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்று தொட்டிக்காரர் சொல்லித் தட்டிக்கழித்தார். அடுத்தடுத்த நாளும் போன். வேலை இருக்கிறது, வருகிறேன் என்றே சொல்லி, நான்காம் நாள்தான் போனார்.

இந்தத் தடவை மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார்.

"நான்தாம்மா குறைச்சேன். சார் துவண்டு கிடக்கிறதைப் பார்க்க முடியல. இவர்மேல கொஞ்சம் இரக்கம் வேண்டாமா?"

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியைப் பார்த்தார். அவருடைய கணவர் காதைப் பொத்திக்கொண்டு, கண் இரண்டும் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல பழையபடி விழ விடுங்க தம்பி."

தொட்டிக்காரர் மண்டியிட்டு வால்வைத் திறந்தார், குழாயை உயர்த்தினார். தண்ணீர் கொட்டத் தொடங்கியது. சத்தம் சுவரெல்லாம் பரவியது.

நாற்காலியில் இருந்தவரின் கைகள் காதை விட்டு மெதுவாக இறங்கின. தோள் தளர்ந்தது. நீல வெளிச்சம் அவர் முகத்தில் அலைந்துகொண்டிருக்க, இமைகள் கனத்து மூடின. பத்து நிமிஷத்தில் குறட்டை வந்தது.

அந்த அம்மா ஒரு போர்வையை எடுத்துவந்து கணவருக்குப் போர்த்தினார்.

"முப்பது வருஷம் இரும்பு அடிக்கிற மிஷின் பக்கத்துலயே நின்னவர் தம்பி. சுத்தி அமைதியானா இவர் காதுக்குள்ள ஒரு விசில் ஊத ஆரம்பிச்சுடும், அதை வெளிய சொல்லக்கூடாதுன்னு என் வாயைக் கட்டி வச்சிருக்கார். அன்னைக்கு நீங்க வந்தப்போ இவர் துவண்டு கிடக்கல, ரெண்டு வருஷம் கழிச்சு நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தார்."