திரும்புமிடத்துத் தண்ணீர்ப் பந்தல்

காற்று இதுவரை முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

திரும்பியதும் இதே காற்று நெஞ்சில் அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கடலோர மாரத்தான் அப்படித்தானாம். போகும்போது கூட்டிப்போகும். வரும்போது கணக்குத் தீர்க்கும்.

அவர் அதற்குக் கவலைப்படவில்லை. திரும்புமிடம்வரை போனால் போதும்.

அங்கே தண்ணீர்ப் பந்தலில் வடிவு நிற்பாள்.

மகள்.

அவள் அலுவலகத்தார்தான் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். கேட்காததுபோல் கேட்டுக்கொண்டார். மறுநாளே போய்ப் பெயர் கொடுத்தார். கான்வாஸ் ஷூ வாங்கினார். மனைவியிடம், சர்க்கரைக்கு நல்லது என்றார்.

மகள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது. மிதித்தால் ஊர் பேசும். சாலை பொது. அதில் ஓடிய மனிதரை, மகளைத் தேடிப் போனார் என்று ஒரு வாயும் சொல்ல முடியாது.

ஒரு பக்கம் உப்பளம். மறு பக்கம் கடல். காலை வெயில் இரண்டிலும் பட்டுக் கண்ணைக் குத்தியது. உதட்டை நக்கினால் உப்பு. நெற்றித் திருநீறு கரைந்து புருவத்தில் இறங்கியது.

"அண்ணாச்சி!"

பங்காளி குற்றாலலிங்கம் மூச்சு வாங்கப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை அழைப்புக்கா போறிய? இப்படி விறைச்சுக்கிட்டு ஓடுனா திரும்புறப்ப காத்து கீழ தள்ளிரும். கொஞ்சம் வளைங்க."

"எங்க வீட்டு முதுகு வளையாது."

"நானும் அதே வீடுதான அண்ணாச்சி. எனக்கு எப்பவோ வளைஞ்சுட்டு."

அவர் சிரிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினார். குற்றாலலிங்கம் விடவில்லை. ஒட்டிக்கொண்டே வந்தார்.

இந்த ஆள் இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்.

அன்று கிணற்றடியிலும் இவர் இருந்தார். சொந்தம் முழுக்க இருந்தது. வடிவு பதிவுத் திருமணம் முடித்துக்கொண்டு, கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, அந்த வேற்றுச் சாதிப் பையனோடு வாசலில் வந்து நின்றாள். அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். செத்தவர்களுக்கு முழுகுவது போல.

ஈர வேட்டியோடு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். இனி இவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட என் தொண்டையில் இறங்காது.

அவள் மாலையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

சொன்ன சொல். அதைக் காப்பாற்றித்தான் இத்தனை வருடமும் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

பந்தல் தெரிந்தது. மஞ்சள் சட்டைகள். நீள மேசை. மிதிபட்ட காகிதக் கோப்பைகள்.

"குடிச்சிட்டுப் போங்க, குடிச்சிட்டுப் போங்க."

குரல்தான் முதலில் வந்தது. பிறகு ஆள்.

இளைத்திருந்தாள். காதோரம் நரை.

தன் மகளுக்கு நரை.

அவரைக் கண்டதும் குரல் நின்றது. கை நிற்கவில்லை. தட்டிலிருந்த கடைசிக் கோப்பை அவர் முன்னால் நீண்டது. தண்ணீர் விளிம்பில் தளும்பியது.

"அப்பா. ஒரு வாய்."

தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் குற்றாலலிங்கம் நின்றுவிட்டார்.

வாங்காமல் போக அவரால் முடியவில்லை. குடிக்கவும் முடியவில்லை.

வாங்கினார். அவள் விரல் பட்டது. சின்ன வயதில் போலவே சில்லென்று இருந்தது.

முன்னால் ஓடியவர்கள் பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அவருக்கு அது ஒரு வழியாகத் தோன்றியது. சொல்லும் நிற்கும். மகள் கொடுத்ததும் வீண்போகாது.

கோப்பையைத் தலையில் கவிழ்த்தார்.

உச்சியிலிருந்து பிடரிவரை குளிர்ந்தது. இத்தனை வருடத்தில் இப்படிக் குளிர்ந்ததில்லை. அந்தக் குளிர்ச்சியோடு வளைவைத் திரும்பினார். காற்று நெஞ்சில் அடித்தது. அடிக்கட்டும்.

பின்னால் குற்றாலலிங்கத்தின் குரல் கேட்டது. இந்த முறை அதில் கேலி இல்லை.

"மறுபடியும் முழுக்கா, அண்ணாச்சி?"

கால் நின்றது.

திரும்பிப் பார்த்தார்.

ஓடுகிறவர்களுக்கு நடுவே அவள் தெரிந்தாள். காலித் தட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

வந்த வழியே நடந்தார். எதிரே வந்தவர்கள் மேல் இடித்தார். பெரியவரே, அந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று யாரோ கத்தினார்கள்.

மேசைக்கு வந்தபோது அவள் இல்லை.

"வடிவக்காவா? இப்பந்தான் போனாவ. தலை சுத்துதுன்னாவ." கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிராமலே சொன்னாள்.

அவர் ஒரு கோப்பையை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார்.

அது அவள் கையால் வந்ததல்ல.

பிடித்தபடியே நின்றார்.

ஓடிவந்த ஒருவன் அவர் கையிலிருந்து அதைப் பறித்தான். ஒரே மடக்கில் குடித்தான். யார், எந்த வீடு என்று கேட்கவில்லை. போய்விட்டான்.

மேசையிலிருந்து இன்னொன்றை எடுத்தார்.

அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, கையை நீட்டினார்.

தலையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.