பகல் பயிற்சி

லாரி உரிமையாளர் சங்க ஆபீஸ் வாசலில் குப்பாயி மத்தியானத்திலிருந்து நின்றுகொண்டிருந்தாள். புருஷனுக்குத் தெரியாமல் மோகனூரிலிருந்து பஸ் ஏறி நாமக்கல்லுக்கு வந்திருந்தாள். கட்டினவனுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

டிரைவர் பயிற்சியை நடத்தும் செயலாளர் மருதாசலம் பொழுது சாயும் நேரத்தில்தான் வந்தார்.

"சாமி, எங்க ஊட்டுக்காரரு பரீட்சை விசயமா..."

"சின்னுசாமி பொண்டாட்டியா? பாஸ் போடச் சொல்லி நீயும் வந்துட்டயா? உங்களுக்கெல்லாம் இதே பொழப்பாப் போச்சு."

"அதில்லீங்க..."

"பயப்படாதே அம்மணி. இத்தனை வருசம் ஷெட்டுல ஸ்பேனர் புடிச்சவன். ஓட்டிக் காட்டுனான் பாரு, டம்ளர்ல வெச்ச தண்ணி சிந்தாம! பாஸ் போட்டாச்சு. மொத லோடும் குடுத்தாச்சு."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பாஸ் போட வேண்டாம்னு சொல்லத்தானுங்க வந்தேன். அவருக்கு மாலைக்கண்ணுங்க. பொழுது போனா சோத்து வட்டலையே நான்தான் கையில குடுக்கோணும். ஆருகிட்டயும் சொல்லப்படாதுன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாருங்க."

மருதாசலம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பயிற்சி நாலு மணிக்கே முடிந்துவிடும். இருட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி ஒருவனையும் அவர் கேட்டதில்லை.

"கணக்கரே, சின்னுசாமி வண்டி எங்கே?"

உள்ளேயிருந்து கணக்கர் சொன்னார். "பெங்களூர் லோடுங்க. ஷெட்டுல டீ குடிச்சிட்டுச் சந்தோசமாக் கெளம்புனானாம். இந்நேரம் தொப்பூர் மலை ஏறிட்டிருப்பான்."

சொல்லிக்கொண்டே வந்து விளக்கைப் போட்டார்.